வேறுபாடு இல்லை என்று எழுதப் பயந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் பொது மேலாளர் அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, வேலை முடிந்த சீருடையோடு அப்படியே வந்து சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் ஓட்டுநர் தோழர்களே, நடத்துநர் தோழர்களே, எங்கள் தேர்வுப் பிரிவின் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம் வருகிறதே, அது ஒலிபெருக்கியின் பழுது இல்லை. என் கையில் இருக்கும் தாள் அதன்மேல் உரசுகிறது. கை நடுங்குகிறது. துக்கத்தால் நடுங்குகிறது என்று சொன்னால் இந்தச் சபைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் பாதிதான் துக்கம். மீதிப் பாதி பயம். என்ன பயம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

காலையில் இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தபோது என் மனைவி சொன்னாள்: "அந்தம்மாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடுங்க. வேற எதையும் இழுக்காதீங்க. நமக்கு எதுக்கு வம்பு?" சரி என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அம்மையாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டுமானால் அந்த வம்பைத் தொடாமல் எப்படிப் பேசுவது? நீங்களே சொல்லுங்கள்!

நம்முடைய பேருந்துக் கழகத்தின் தேர்வுப் பிரிவுத் தலைவர், புள்ளியியலைக் கரைத்துக் குடித்தவர், நம்மை விட்டுப் பிரிந்த அம்மையாருக்கு நாம் எத்தனையோ பட்டங்கள் கொடுத்திருக்கலாம். நாம் கொடுத்தது ஒரே ஒரு பட்டம். மறைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். பயந்தாங்கொள்ளி! உணவகத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் பின்னாலிருந்து குரல் வரும்: "தள்ளுப்பா, பயந்தாங்கொள்ளி மேடம் வர்றாங்க." அவர் காதிலும் விழும். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், "மேடம், நான் போய்க் கேட்கவா?" என்றேன். "எதுக்கு தம்பி? பொய்யா சொல்றாங்க? சாம்பாரை ஊத்திக்கோ, ஆறிடப் போகுது" என்றார்.

ஆமாம், அவர் பயந்தவர்தான். எதற்குப் பயந்தார்? பதவி போய்விடும் என்றா? மேலதிகாரிக்கா? கரப்பான்பூச்சிக்குப் பயந்தார், அது தனிக்கதை. நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். ஆனால் அவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்த பயங்கள் இரண்டே இரண்டு. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிவிடுவோமோ என்பது ஒரு பயம். இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்லிவிடுவோமோ என்பது இன்னொன்று. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்துதான் அவர் இத்தனை வருடம் வேலை பார்த்தார்.

எங்கள் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்பது வெளியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பணிமனையின் பின்பக்கம், டயர் அடுக்கி வைத்திருக்கும் கூடத்துக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் மேசைமீது ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பொத்தான். விளக்கு எப்போது எரியும் என்று சொல்ல முடியாது. எரிந்ததும் ஓட்டுநர் பொத்தானை அழுத்த வேண்டும். சட்டென்று அழுத்தினால் மதிப்பெண் கூடும், தாமதித்தால் குறையும், எரிந்ததையே கவனிக்காவிட்டால் இன்னும் குறையும். நூற்றுக்கு இவ்வளவு என்று கடைசியில் ஒரு மதிப்பெண் வரும். விழிப்பு மதிப்பெண் என்று அதற்குப் பெயர்.

ஒருமுறை கிழக்குப் பணிமனை ஓட்டுநர்களின் சராசரி, மேற்குப் பணிமனையைவிட மூன்று மதிப்பெண் குறைவாக வந்தது. அப்போதிருந்த நிர்வாகம் என்ன முடிவு செய்தது தெரியுமா? கிழக்குக்காரர்கள் அசமந்தங்கள், அவர்களைத் தொலைதூர வண்டிகளிலிருந்து எடுத்துவிடலாம் என்று! உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. அம்மையார் அந்த உத்தரவைத் தடுத்தார். எப்படித் தடுத்தார்? கூச்சல் போட்டா? இல்லை. ஒரு தொப்பியை வைத்துத் தடுத்தார்!

கிழக்குப் பணிமனையின் ஓய்வறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். நீண்ட மரப் பெஞ்சுகள், சுவரில் ஆணியில் தொங்கும் பைகள், நடுவில் காலாடும் ஒரு மேசை. இரண்டு பணிமனைகளின் மதிப்பெண்களையும் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி வந்திருந்தார். எது கிழக்கு, எது மேற்கு என்று எழுதவில்லை. வெறும் மதிப்பெண் மட்டும். அங்கே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் ஒருவரிடம் தொப்பியைக் கேட்டு வாங்கிச் சீட்டுகளை அதில் கொட்டினார். அவரை நாம் எல்லோரும் மீசை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதோ, கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"குலுக்குங்க அண்ணே" என்றார் அம்மையார். மீசை அண்ணன் குலுக்கினார். "இப்ப கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கட்டாப் பிரிங்க. ரெண்டுக்கும் சராசரி போடுவோம்." போட்டோம். இரண்டு மதிப்பெண் வித்தியாசம். மறுபடி குலுக்கல். நான்கு மதிப்பெண். மறுபடி. ஒன்று. மறுபடி. மூன்றரை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"பாத்தீங்களா? இந்தச் சீட்டுக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. நீங்க கண்ணை மூடிப் பிரிச்சதுதான். ஆனாலும் மூணு நாலு மார்க் வித்தியாசம் தானா வருது. தானா வர்ற வித்தியாசத்துக்கு உங்களை ஏன் திட்டணும்?"

கருதுகோள் சோதனை என்று புத்தகங்கள் பெரிய பெயர் வைத்திருக்கின்றனவே, அது இவ்வளவுதான். இரண்டு குழுவுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தும், கையிலிருக்கும் இந்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ வெறும் தற்செயலாக வருமா? அடிக்கடி வருமா, அபூர்வமாக வருமா? நூறு தடவை குலுக்கினால் ஐந்து தடவைக்கும் குறைவாகத்தான் வரும் என்றால், இது தற்செயல் இல்லை, இதில் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். அதுதான் எங்கள் பிரிவின் வழக்கம். பிற்பாடு கணினி வந்தது, வாய்பாடு வந்தது, ஒரு நொடியில் விடை வந்தது. ஆனாலும் அவர் முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் யாரிடமாவது தொப்பி கேட்டு ஒருமுறை கையால் குலுக்கிப் பார்ப்பார். "கணினி சொன்னா புரிஞ்ச மாதிரி இருக்கும். கை சொன்னாதான் புரியும்" என்பார்.

அன்று ஓய்வறையில் மீசை அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ நாங்க மேற்குக்காரங்களுக்குச் சமம்னு எழுதிட்டீங்களா மேடம்?"

"அப்படி எழுதல அண்ணே. நீங்க மட்டம்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐயையோ, இல்லண்ணே! ஒண்ணு இல்ல!"

அந்த "ஐயையோ"வை நான் மறக்கவே முடியாது. யாரோ குழந்தை நடுரோட்டில் இறங்கிவிட்டதைப் பார்த்தவர் போடும் சத்தம் அது. இரண்டும் ஒன்று இல்லை என்பதில்தான் அவருடைய மொத்த வாழ்க்கையும் இருந்தது. 

எப்படி ஒன்று இல்லை? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. அவர் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் புரியவைத்தார். முன்வரிசையில் இருக்கும் அண்ணா, மன்னிக்க வேண்டும், உங்களைப் பற்றிய கதைதான்! வீட்டில் மின்சாரம் போன ஒரு சாயங்காலம். பீரோ சாவியைக் காணோம். அண்ணா ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். குச்சி அணைந்தது. வெளியே வந்து, "சாவி இந்த ரூம்ல இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மையார் கேட்டாராம்: "சாவி இல்லையா, உங்களுக்குக் கிடைக்கலையா?" விளக்கு வந்ததும் பார்த்தால் சாவி அந்த அறையிலேயே, கட்டிலுக்கு அடியில், அண்ணாவின் செருப்புக்குள்ளேயே கிடந்தது. அண்ணா சிரிக்கிறீர்கள். இந்த நான்கு நாளில் நீங்கள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

தீக்குச்சி வெளிச்சத்தில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நேர்மை. இல்லை என்று சொன்னால்? அது தீக்குச்சிக்குத் தெரியாத விஷயம். இதைத்தான் அவர் எங்களுக்கு மறுபடி மறுபடி சொன்னார். எங்கள் அறிக்கைகளில் "வேறுபாடு இல்லை" என்று யாராவது எழுதிவிட்டால் போதும், சிவப்புப் பேனா இல்லை, திட்டு இல்லை. நேராக வந்து நம் மேசைக்கு முன்னால் நின்று, மெதுவாக, "தேடினேன், கிடைக்கலன்னு எழுது தம்பி" என்பார்.

இனி அந்த வம்புக்கு வருகிறேன்.

எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக ஆக்கலாமா என்று நிர்வாகம் யோசித்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஓட்டுநர்களின் விழிப்பு குறையுமா குறையாதா என்று சோதித்துச் சொல்லும்படி எங்கள் பிரிவைக் கேட்டது. நல்ல காரியம். கேட்டதற்கு நிர்வாகத்தைப் பாராட்டுகிறேன். அம்மையார் கணக்குப் போட்டு, குழுவுக்கு நாற்பது பேராவது வேண்டும் என்று கேட்டார். கிடைத்தது குழுவுக்குப் பன்னிரண்டு பேர். "வண்டி ஓட்ட ஆள் வேணாமா மேடம்? இருக்கிறதை வச்சுப் பாருங்க" என்று பதில் வந்தது. தொப்பியில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, பன்னிரண்டு பேரைப் பழைய நேரத்திலும் பன்னிரண்டு பேரைப் புதிய நேரத்திலும் விட்டோம். வேலை முடிந்து இறங்கியதும் நேராகக் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தோம்.

எட்டு மணி நேரக் குழுவின் சராசரி எழுபத்தொன்று. பன்னிரண்டு மணி நேரக் குழுவின் சராசரி அறுபத்து நான்கு.

ஏழு மதிப்பெண் வித்தியாசம்! ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் ஏகப்பட்ட ஏற்ற இறக்கம். ஆட்களோ கொஞ்சம். கணக்குப் போட்டால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசம் நூற்றுக்குப் பதின்மூன்று தடவை தற்செயலாக வரும் என்று தெரிந்தது. எங்கள் எல்லைக்கோடு ஐந்து. இது பதின்மூன்று. கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

அன்று நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பொது மேலாளர் அவர்கள் கேட்டார்கள்: "அஞ்சுக்கு மேல போயிடுச்சு. அப்போ வேறுபாடு இல்ல. அவ்வளவுதானே மேடம்?"

"இல்ல சார். வேறுபாடு இருக்குன்னு காட்ட முடியல."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

"இல்ல சார். நான் தீக்குச்சி வச்சுத் தேடியிருக்கேன். எனக்கு விளக்கு வேணும்."

சங்கத் தலைவர் அவர்களும் சும்மா இருக்கவில்லை. மேசையைத் தட்டினார்கள். "ஏழு மார்க் குறையுது, கண்ணு முன்னாடி தெரியுது. குறையுதுன்னு எழுதுங்கம்மா, போராட்டத்தை நாங்க பாத்துக்கறோம்."

"அதையும் எழுத மாட்டேன் அண்ணே. பன்னிரண்டு பேரை வச்சு எப்படி எழுதுவேன்?"

"நீங்க யார் பக்கம்மா?"

"நான் தொப்பி பக்கம்."

இரண்டு தரப்பும் கோபத்தோடு எழுந்து போனது. பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் அதுவரை கேலியாக இருந்தது. அன்றிலிருந்து வசவாக மாறியது. இருக்கு என்றும் சொல்லமாட்டேன் என்கிறார், இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்கிறார், இவருக்கு எதற்கு ஒரு நாற்காலி என்று பேசினார்கள். பேசினோம் என்றே சொல்லலாம். இந்தக் கூடத்தில் பேசாதவர்கள் கை தூக்கினால் எண்ணிவிடலாம்.

ஆனால் நண்பர்களே, அவர் வெறுமனே நடுவில் நின்றவரா? கேட்டுப் பாருங்கள். அன்று பிற்பகல் மீசை அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். பன்னிரண்டு மணி நேரக் குழுவில் அவரும் ஒருவர். அவருடைய தேர்வு முன்பே முடிந்துவிட்டது, மதிப்பெண் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் வந்து வாசலிலேயே நின்றார். அம்மையார், "என்னண்ணே?" என்றதும் சொன்னார்:

"மேடம், இதைச் சங்கத்துலகூடச் சொல்லல. கடைசி ஒரு மணி நேரம் இருக்குல்ல... சிக்னல் சிவப்பு விழுறது தெரியுது. சிவப்புன்னு மனசு சொல்லுது. கால் பிரேக்குக்குப் போக மாட்டேங்குது. என் கால் இல்லாத மாதிரி இருக்கு. அப்புறம்தான் போகுது. ஒரு தடவை நின்னப்ப, முன்னாடி ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, பின்னாடி ஒரு பாப்பா. என் கண்ணாடிக்கும் அந்தப் பாப்பா முதுகுக்கும் நடுவுல இவ்வளவுதான்."

இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்துக் காட்டினார். ஒரு தட்டு நுழையும் இடைவெளி.

அம்மையாரின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்க முடியவில்லை, கீழே வைத்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே "வேறுபாடு உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நான் போட்டிருப்பேன். அவர் எழுதவில்லை. "இது ஒருத்தர் சொல்றது தம்பி. உண்மையா இருக்கும். ஆனா ஒருத்தர். நாப்பது பேர் வேணும். நாப்பது பேரையும் பயணிகளோட வெளியே விட்டுச் சோதிக்க எனக்குத் தைரியம் இல்ல. பயிற்சித் திடல்ல காலி வண்டியில ஓட்டச் சொல்லுவோம்" என்றார். அன்றே அதற்கு அனுமதி கேட்டு எழுதினார். 

பிறகு ஜன்னலோரம் போய் நின்றார். கீழே முற்றத்தில் வண்டிகள் பின்னுக்கு வந்துகொண்டிருந்தன, நடத்துநர்கள் பின்பக்கத்தைத் தட்டி "வா வா வா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார். ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் கேட்கும் அதே கேள்விதான்.

"எந்தத் தப்புக்கு நாம அதிகம் பயப்படணும் தம்பி?"

பதிலையும் அவரே சொன்னார். "வேறுபாடு இல்லாம இருந்து, இருக்குன்னு நான் சொல்லிட்டேன்னு வை. அட்டவணை பழையபடி இருக்கும். சார் என்னைத் திட்டுவார். திட்டட்டும். வேறுபாடு இருந்து, இல்லன்னு சொல்லிட்டேன்னு வை..." அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துக்கொண்டார். கைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. நான் எழுதின வரி நீளமா இருக்கு. நான் இல்லாத நேரம் பாத்து யாராவது அதைச் சுருக்கிடுவாங்க."

இதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. வார விடுமுறை வந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் மாடியிலேயே சாய்ந்துவிட்டார். மகள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

அவர் எழுதிய வரி எது? "இந்தச் சோதனையில் வேறுபாட்டை உறுதியாகக் காட்ட முடியவில்லை; ஏழு மதிப்பெண் அளவுக்கு ஒரு வேறுபாடு உண்மையில் இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதாது; குழுவுக்கு நாற்பது பேரைக் கொண்டு சோதிக்கும்வரை வேலை நேரத்தை மாற்ற வேண்டாம்." நீளமான வரிதான். மூச்சு வாங்குகிறது.

இன்று மதியம் என் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. புதிதாகத் தட்டச்சு செய்த தாள். அதில் ஒரே வரி. "இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை." கீழே, பிரிவுத் தலைவர் பொறுப்பு என்று போட்டு, என் கையெழுத்துக்கு இடம். நாளைக் காலை நிர்வாகக் குழு கூடுகிறது. அந்தத் தாள் மேசைக்குப் போனால் அடுத்த வாரமே பன்னிரண்டு மணி நேரம் நடைமுறைக்கு வரும்.

சுருக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. கெட்ட எண்ணத்தோடுகூடச் செய்திருக்க மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு வரிதான் கொள்ளும். காட்ட முடியவில்லை என்பது நீளம். இல்லை என்பது குட்டை. எங்கள் தொழிலில் மட்டும் நடக்கும் தவறு இது. எழுத்துப் பிழை இல்லை, கூட்டல் பிழை இல்லை, யார் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும்!

பொது மேலாளர் அவர்கள் தாழ்வாரத்தில் என் தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார்கள்: "அவங்க இருந்திருந்தா இழுத்துக்கிட்டே இருந்திருப்பாங்க. நீங்க நடைமுறை தெரிஞ்ச ஆளு." ஐயா, நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு அப்போது பிடித்த நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எனக்குப் பதவி வேண்டும். மாற்றல் வந்தால் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும்போது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி.

என் மகள் தினமும் கல்லூரி விட்டு நம் வண்டியில்தான் வருகிறாள். ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். இறங்கும் இடத்தைத் தவறவிட்டுத் திட்டு வாங்காத நாளே இல்லை. எந்த நம்பிக்கையில் தூங்குகிறாள்? ஓட்டுகிறவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தானே? அந்த ஓட்டுநரின் கால் அவருடைய கால்தான் என்ற நம்பிக்கையில்தானே? நேற்று அவள் வர அரை மணி நேரம் தாமதமானது. போக்குவரத்து நெரிசல். அவ்வளவுதான். நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு அம்மையாரின் பயம் முழுதாகப் புரிந்தது. எத்தனை வருடம் அந்தப் பயத்தை அவர் தனியாகச் சுமந்தார்! நாம் சாப்பிட்டோம், சிரித்தோம், பெயர் வைத்தோம். அவர் நம் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. அந்தப் பயம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மேசைமேல் ஒற்றை வரியாக உட்கார்ந்திருக்கிறது.

ஐயா, நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். முடித்துவிடுகிறேன்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அம்மையாரின் நீள வரியை ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் மறுபடி தட்டச்சு செய்து, அதன் கீழே போடுவேன். சங்கத் தலைவர் கை தட்ட வேண்டாம், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது பேரை வைத்துச் சோதித்த பிறகும் வேறுபாட்டைக் காண முடியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுவேன். அன்று நீங்கள் மேசையைத் தட்டினாலும் எழுதுவேன். அன்றைக்கும் கை இப்படித்தான் நடுங்கும்.

எனக்கு இப்போது தேவை ஆட்கள். இரண்டு குழுவுக்கும் சேர்த்து எண்பது பேர். பயிற்சித் திடலில், காலி வண்டியில். யார் எட்டு, யார் பன்னிரண்டு என்பதை நானும் சொல்லமாட்டேன், நிர்வாகமும் சொல்லாது, சங்கமும் சொல்லாது. தொப்பிதான் சொல்லும். வருவீர்களா?

என்ன அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை.

"என் தொப்பியை எடுத்துக்கச் சொன்னேன் சார். அதே தொப்பிதான். என் பேரை முதல்ல போட்டுக்குங்க" என்கிறார் மீசை அண்ணன். அண்ணே, உங்களை முதலில் போடக்கூடாது. எல்லோரையும் போட்டுக் குலுக்க வேண்டும். அம்மையார் இருந்திருந்தால் "ஐயையோ" என்றிருப்பார்! ஆனால் தொப்பியைக் கொடுங்கள். அம்மையாரின் மகளே, நீ வாங்கிக்கொள் அம்மா. வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நில். வெளியே போகும்போது, விருப்பமுள்ளவர்கள் பெயரை எழுதிப் போட்டுவிட்டுப் போகட்டும். 

எங்கள் பிரிவில் இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது. தலைவர் நாற்காலியைச் சொல்லவில்லை. அதில் நாளைக்கே யாரையாவது உட்கார வைத்துவிடுவீர்கள், நான் அதில் நீடிப்பேனா என்பதும் தெரியாது. நான் சொல்வது பயந்தாங்கொள்ளியின் இடம். அதற்கு அறிவிப்பு வராது, நேர்முகத் தேர்வு கிடையாது, உணவக வரிசையில் கேலி மட்டும் நிச்சயம் உண்டு. அம்மையாரின் படத்துக்கு முன்னால், உங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து, அந்த இடத்துக்கு நான் விண்ணப்பிக்கிறேன்.

தகுதி என்ன என்று கேட்பீர்கள். இதோ, கையைப் பாருங்கள்.

அம்மையாருக்காக இப்போது எழுந்து நிற்போம்.